சோடா டியூபின் உட்புறத்தைக் கழுவுவது எப்படி?

போன சித்திரையில் ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுத் தாத்தா எங்கள் கடையில் பன்னீர் சோடா வாங்கினார். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "என்னம்மா, பழைய சோத்துத் தண்ணி வாடை அடிக்குதே?" என்றார்.

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டுக்கு முன்புறமே எங்கள் கடை. மூன்று எஃகு கெக் (சோடாவை அடைத்து வைக்கும் மூடிய கலன்), ஒரு கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டர், சுவரில் மூன்று டேப், அவ்வளவுதான். அன்று சிரப் புதிது. தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீர். கெக்கைத் திறந்து முகர்ந்தேன், நல்ல பன்னீர் மணம். மிச்சம் இருந்தது கெக்கையும் டேப்பையும் இணைக்கும் மூன்று மீட்டர் பிளாஸ்டிக் டியூப். அதைக் கழற்றி, ஒரு துண்டு வெட்டி, பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். உட்புறத்தில் விரல் வைத்தால் வழுக்கியது. கெண்டை மீனைத் தொட்டது போல இருந்தது. அந்த டியூப் வழியாகத்தான் ஒரு வாரமாக ஊருக்கே சோடா கொடுத்திருக்கிறோம். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மெல்போர்னில் இருக்கும் மாமாவிடம், அதாவது என் அக்கா வீட்டுக்காரரிடம், போனில் கேட்டேன். அவர் அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சி, கெக்கில் அடைத்து, டேப்பில் பிடித்துக் குடிப்பவர். அந்த நாட்டில் அதற்கு அனுமதி உண்டு. இங்கே 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சினால் குற்றம். ஆனால் கெக், கேஸ், டியூப், டேப் என்ற அமைப்பு பீருக்கும் சோடாவுக்கும் ஒன்றே. டியூபைக் கழுவும் வித்தையைப் பீர்க்காரர்கள் பல காலமாக யோசித்து வைத்திருக்கிறார்கள். "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவலைன்னா அந்த பீரை நானே குடிக்க மாட்டேன்" என்றார் மாமா. அமெரிக்காவில் பீர் தயாரிப்பாளர்களின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷனும் அதே கணக்கைத்தான் சொல்கிறது: 14 நாளுக்கு ஒரு முறை காரக் கரைசல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமிலக் கரைசல்.

முதலில், டியூபுக்குள் என்னதான் படிகிறது?

இரண்டு வகை அழுக்கு. ஒன்று உயிருள்ளது. சர்க்கரைத் தண்ணீர் எங்கே தேங்கினாலும் ஈஸ்டும் பாக்டீரியாவும் வந்து சேரும். அவை சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. சுவரில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் குடியிருக்கின்றன. இதை உயிர்ப்படலம் என்கிறார்கள். ஊறவைத்த பாத்திரத்தை இரண்டு நாள் மறந்துவிட்டால் ஓரத்தில் வழவழப்பு வருமே, அதுவேதான். வெறும் தண்ணீரை ஓடவிட்டால் மிதப்பவை போய்விடும், பசைக்குள் இருப்பவை அப்படியே இருக்கும். அதனால்தான் காலையில் தண்ணீர் விட்டு அலசிய டியூபில் சாயங்காலமே வாடை திரும்பி வருகிறது.

இன்னொன்று உயிரற்ற கல். பீரில் கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பு மெல்லப் படிந்து கல் போல ஆகும். பீர்க்கல் என்றே அதற்குப் பெயர். சோடா ஓரளவு அமிலத்தன்மை உள்ளது என்பதால் சோடாவிலிருந்து சுண்ணாம்புக் கல் எளிதில் படியாது. ஆனால் நாம் கழுவுகிற தண்ணீரிலிருந்து படியும். வேலூர் போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கல் படிந்த சுவர் சொரசொரப்பாக இருக்கும். சொரசொரப்பில் பசை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

பசைக்குக் காரம், கல்லுக்கு அமிலம். இந்த ஒரு வரி நினைவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, ஓட்டம். பலர் விடுகிற இடம் இதுதான், நானும் விட்டேன். முதல் முறை சலவை சோடா கரைசலை டியூபில் நிரப்பி, இரண்டு பக்கமும் மூடி, இரவு முழுக்க ஊற வைத்தேன். காலையில் பிளந்து பார்த்தால் வழுக்கல் குறைந்திருந்தது, போகவில்லை.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் 1959-ல் ஒரு எளிய படம் வரைந்து காட்டினார். சுத்தம் செய்வது என்பது மருந்து, சூடு, நேரம், உராய்வு என்ற நான்கின் கூட்டு. ஒன்று குறைந்தால் மற்றவற்றைக் கூட்ட வேண்டும். பாத்திரத்தைத் தேய்க்க நமக்குக் கை இருக்கிறது, தேங்காய் நார் இருக்கிறது. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள டியூபுக்குள் எதைவிட்டுத் தேய்ப்பது? தண்ணீரையே தேய்க்க வைக்க வேண்டும்.

கோட்டை அகழியை நினைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க நிற்கிற தண்ணீர், படிக்கட்டுகளில் பாசி. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: சுழித்து ஓடுகிற தண்ணீர் கரையையே அரித்துக்கொண்டு போகும். டியூபுக்குள்ளும் இப்படி இரண்டு நிலை உண்டு. மெதுவாக ஓடும்போது தண்ணீர் அடுக்கடுக்காக, ஒழுங்காக நகர்கிறது. நடுவில் வேகம், சுவரை ஒட்டி ஏறத்தாழ நிற்கிறது. ஒரு அளவுக்கு மேல் வேகம் கூடினால் அந்த ஒழுங்கு உடைந்து சுழல் உண்டாகி, சுவர் வரை போய் மோதுகிறது. இந்த மாற்றத்தை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-ல் கண்ணாடிக் குழாயில் சாயத்தை ஓடவிட்டுக் காட்டினார். அவர் பெயரிலுள்ள ஒரு எண் ஏறத்தாழ 2,000-க்குக் கீழே இருந்தால் ஒழுங்கான ஓட்டம், 4,000-க்கு மேலே போனால் சுழல்.

நம் டியூபுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால், வேகம் விநாடிக்கு சுமார் 85 சென்டிமீட்டர். ரெனால்ட்ஸ் எண் 4,200-ஐத் தாண்டுகிறது. தண்ணீர் 40 டிகிரி சூட்டில் இருந்தால் அதன் பாகுத்தன்மை குறைந்து, அதே வேகத்திலேயே 6,000-க்கு மேல் போகிறது. ஆக, சோதனை இதுதான்: டேப்புக்குக் கீழே ஒரு லிட்டர் பாட்டிலை வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் உங்கள் டியூபுக்குள் வெள்ளம் ஓடுகிறது. இரண்டு நிமிடம் ஆனால் அகழிதான்.

இப்போது கருவிக்கு வருவோம்.

வேலூர் வெயிலில் ஏர் கூலர் இல்லாத தெரு கிடையாது. அந்தக் கூலரின் அடித்தொட்டியில் முழுகிக் கிடக்கும் சின்ன மோட்டார்தான் நமக்கு வேண்டியது. எலக்ட்ரிக்கல் கடையில் கூலர் பம்ப் என்று கேட்டால் கொடுப்பார்கள். புதிதாக வாங்குங்கள், பழைய கூலரில் ஓடியதை உணவு போகும் டியூபில் மாட்டாதீர்கள். பெட்டியில், எத்தனை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் என்று போட்டிருக்கும். மூன்று மீட்டர் டியூபில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட, உரசலைத் தாண்டுவதற்கே ஏறத்தாழ ஒரு மீட்டர் ஏற்றும் திறன் செலவாகிவிடும். ஆறு அடி என்று போட்ட பம்ப் எனக்குச் சரியாக வந்தது. டேப் உயரத்தில் இருந்தால் வாளியையும் ஸ்டூல் போட்டு உயர்த்தி வையுங்கள், பம்புக்கு வேலை குறையும்.

பம்பின் வாய் பெரிது, நம் டியூப் சிறிது. இடையில் ஒரு ரெட்யூசர் நிப்பிள் வேண்டும். ஹார்டுவேர் கடைக்கு டியூபில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போய், பொருத்திப் பார்த்து வாங்குங்கள். பித்தளை நிப்பிள் வேண்டாம், பிளாஸ்டிக்கோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போதும். இணைப்புகளுக்கு கிளிப் போட்டு முறுக்குங்கள்.

பித்தளை என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். கேஸ் ஏறிய தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது. செம்பையும் பித்தளையையும் மெல்லக் கரைக்கும். செம்பு கரைந்த சோடாவைக் குடித்தால் குமட்டல், வாந்தி, வயிற்று வலி வரும். பானைத் தண்ணீரைச் செம்பில் வைத்துக் குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சோடா போகும் வழியில் எந்த இடத்திலும் செம்பும் பித்தளையும் இருக்கக் கூடாது. பளபளவென்று முலாம் பூசிய மலிவான டேப்புகளுக்கு உள்ளே பித்தளைதான் இருக்கும், கீறிப் பாருங்கள்.

சரி, பூட்டுவது எப்படி? கேஸை மூடி, டேப்பைத் திறந்து அழுத்தத்தை முழுக்க வெளியேற்றிய பிறகு, டியூபின் கெக் பக்கத்து முனையைக் கழற்றுங்கள். அந்த முனையைப் பம்பில் மாட்டுங்கள். பம்ப் ஐந்து லிட்டர் வாளிக்குள் முழுகி இருக்கட்டும். டேப்பைத் திறந்தே வைத்து, அதன் வாயிலிருந்து இன்னொரு டியூப் மூலம் அதே வாளிக்குத் திருப்பிவிடுங்கள். வாளியிலிருந்து டியூப், டியூபிலிருந்து டேப், டேப்பிலிருந்து மறுபடி வாளி. இந்தச் சுற்றோட்டம்தான் கருவி. இதற்கு மேல் எதுவும் இல்லை. மெல்போர்ன் மாமாவின் வீட்டில் இருப்பதும் மீன்தொட்டிப் பம்பை வைத்து அவரே பூட்டிய இதே ஏற்பாடுதான்.

மின்சாரமும் தண்ணீரும் சேருகிற வேலை இது. ஷாக் அடித்தால் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள லைனில் மட்டும் மாட்டுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் வாளிக்குள் கை விடாதீர்கள். பம்ப் தண்ணீருக்கு மேலே தெரிந்தபடி ஓடினால் சூடேறிக் கருகிவிடும்.

மின்சாரம் வேண்டாம் என்பவர்களுக்கு, அல்லது கல்யாண மண்டபத்தில் ஸ்டால் போடுகிறவர்களுக்கு, இன்னொரு வழி உண்டு. செடிக்கு மருந்தடிக்கும் சின்னக் கைப்பம்ப். இரண்டு லிட்டர் பிடிக்கும், மேலே அழுத்தி அழுத்திக் காற்றேற்றுவது. அதன் முனையைக் கழற்றி டியூபில் மாட்டினால், கூலர் பம்பைவிட நல்ல வேகத்தில் தள்ளும். திரும்பி வந்ததை மறுபடி ஊற்ற வேண்டும் என்பதுதான் சிரமம். இதையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒரே ஒரு முறை பூச்சி மருந்து பட்ட பம்பைக்கூட இதற்குத் தொடக் கூடாது, எத்தனை முறை கழுவியிருந்தாலும்.

இனி கரைசல். கடையில் "சோடா" என்று கேட்டால் மூன்று பொருளில் எதுவும் கைக்கு வரலாம். ஆப்ப சோடா காரம் குறைந்தது, பசையை அசைக்காது. காஸ்டிக் சோடாவைத்தான் வெளிநாட்டு பார்களில் பயன்படுத்துகிறார்கள்; நன்றாக வேலை செய்யும், ஆனால் தோலையும் கண்ணையும் அரித்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுவில் இருப்பது சலவை சோடா. அதுவும், அதன் உறவான சோடியம் பெர்கார்பனேட்டும்தான் நமக்கு. பெர்கார்பனேட் என்பது சலவை சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த தூள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் நுரைநுரையாக ஆக்சிஜன் கிளம்பிப் பசையைப் பெயர்க்கும். மணம், சாயம் எதுவும் சேர்க்காததாக வாங்குங்கள். லிட்டருக்கு 10 கிராம் கணக்கு. ஐந்து லிட்டர் வாளிக்கு 50 கிராம். கரைசல் 40 டிகிரி, அதாவது குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரைவிடச் சற்றே அதிகச் சூடு. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் டியூப் துவண்டு இணைப்பு கழன்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பெர்கார்பனேட் கரைசலை மூடிய பாத்திரத்தில் வைக்கக் கூடாது. ஆக்சிஜன் கிளம்பிக்கொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கலாம். கைப்பம்பில் ஊற்றினால் வேலை முடிந்ததும் காற்றைத் திறந்து, காலி செய்துவிட வேண்டும்.

இங்கேதான் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். மாமா சொன்னபடி எல்லாம் செய்தும், முதல் தடவை வாளியில் வெண்மையாகக் கலங்கிவிட்டது. டியூபுக்குள்ளும் மாவு பூசியது போல ஒரு படலம். காரணம், நான் போர்வெல் தண்ணீரில் கரைத்தது. கடினத் தண்ணீரில் கால்சியம் இருக்கிறது. சலவை சோடாவின் கார்பனேட்டோடு அது சேர்ந்தால் சுண்ணாம்புக் கல்லாக இறங்கிவிடும். கழுவப் போய், நாமே டியூபுக்குள் கல்லைப் பூசுகிறோம். அதனால் கரைசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் அல்லது கேன் தண்ணீர்தான். முதலில் சர்க்கரையை அலச மட்டும் சாதாரணத் தண்ணீர் போதும். அதன்பின் கேன் தண்ணீரால் ஒரு முறை தள்ளிவிட்டுக் கரைசலை ஓடவிடுங்கள்.

பதினைந்து நிமிடம் சுற்றோட்டம். நடுநடுவே டேப்பை மூடித் திறந்தால் ஓட்டம் அதிர்ந்து, ஓரத்தில் இருப்பதும் பெயரும். முதல் முறை வாளித் தண்ணீர் என்ன நிறத்துக்கு மாறியது என்பதை நான் எழுதப் போவதில்லை. நீங்களே பாருங்கள்.

அப்புறம் அலசல். காரம் முழுக்கப் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பாக மாறுகிறதே, அதே வேதியியல் நமக்கு உதவும். மஞ்சள் தூளைச் சிறிது ஸ்பிரிட்டில் கரைத்து, வெள்ளைக் காகிதத்தை அதில் தோய்த்து, நிழலில் காயவைத்துச் சின்னச் சின்ன சீட்டாக வெட்டி வையுங்கள். டேப்பிலிருந்து வரும் தண்ணீர் பட்டுச் சீட்டு செம்பழுப்பாக மாறினால் காரம் இன்னும் இருக்கிறது. மஞ்சளாகவே இருந்தால் முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அலசுகிற தண்ணீரிலேயே முதலில் ஒரு சீட்டைத் தொட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் டியூபுக்குள் மொத்தமே 60 மில்லிதான் பிடிக்கும், ஆனாலும் நான் நான்கைந்து லிட்டர் ஓடவிட்ட பிறகே நிறுத்துவேன்.

டேப்பைத் தனியாகக் கழற்ற வேண்டும். டியூபைவிட அழுக்கு அங்கேதான். காற்றும் ஈயும் படும் இடம் அல்லவா. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதே கரைசலில் ஊறப்போட்டு, பழைய பிரஷ் கூடாது, புது பல் பிரஷால் தேயுங்கள். வெடிப்பு விட்ட வாஷரைத் திரும்ப மாட்டாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமிலம். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 20 கிராம், அதே பதினைந்து நிமிடச் சுற்றோட்டம், நல்ல அலசல். காரக் கழுவலை முடித்து அலசிய பிறகுதான் இது; பசை மேலே மூடியிருந்தால் அமிலம் கல்லைத் தொடாது.

பிளீச்சிங் பவுடர் போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். அதில் சுண்ணாம்பு இருக்கிறது, படியும். குளோரின் எஃகு கெக்கில் ஊசி குத்தியது போலத் துளை விழச் செய்யும். எல்லாவற்றையும்விட, பிளீச்சோடு எலுமிச்சை உப்போ வினிகரோ கழிப்பறை ஆசிட்டோ சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. இந்த வேலை நடக்கும் இடத்தில் பிளீச் டப்பாவே இருக்க வேண்டாம்.

கழுவிய தண்ணீரை அப்படியே சாக்கடையில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற தீர்ப்பைச் சொன்னது. நம் வாளி அதற்கு முன் ஒன்றுமே இல்லை, ஆனாலும் செய்வதற்கு எளிது. காரக் கரைசல் ஆறியதும் எலுமிச்சை உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். நுரைக்கும், அது வெறும் கார்பன் டை ஆக்சைடு, நம் சோடாவில் இருக்கும் அதே கேஸ். மஞ்சள் சீட்டு நிறம் மாறாத நிலை வந்ததும் ஊற்றிவிடலாம்.

நன்னாரி டியூபைப் பற்றி மட்டும் கடைசியாக. வெளிநாட்டில் ரூட் பீர் என்று வேரின் மணமுள்ள ஒரு குளிர்பானம் உண்டு. அது ஓடிய டியூபில் வேறு எதையும் விட முடியாது என்பார் மாமா. மணம் பிளாஸ்டிக்குள்ளேயே ஊறிவிடுமாம். நன்னாரியும் அப்படித்தான். எத்தனை முறை கழுவினாலும் சீட்டு மஞ்சளாகவே இருக்கும், டியூப் சுத்தமாகவே இருக்கும், பன்னீரில் நன்னாரி வாசம் வரும். அது அழுக்கு இல்லை. அதற்கென்று ஒரு டியூபை ஒதுக்கி, இரண்டு முனையிலும் பச்சை ஒட்டுநாடா ஒட்டி வைத்துவிட்டேன்.